முகம் காட்டாத கண்ணாடி

பிப்ரவரி 11

அன்புத் தங்கை வாண்டுவுக்கு,

அண்ணனின் ஆசிகள். ஐம்பத்தாறு வயதுக்காரியை இன்னும் வாண்டு என்று அழைக்கிறேனே என்று உன் பிள்ளைகள் சிரிப்பதாக மாப்பிள்ளை சொன்னார். சிரிக்கட்டும். எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அவளுக்கு முழங்கால் சரியில்லை, எனக்குக் காது சரியில்லை. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

நீ சொல்லி வாங்கித் தந்த வழிகாட்டி வேலை நன்றாகப் போகிறது. வாரத்தில் நான்கு நாள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தைச் சுற்றி வருகிறேன். அடுத்த மாதம் உலோகக் கலைப்பொருள்களுக்கென்று தனிக் கண்காட்சி. பிள்ளைகளுக்கான விளக்க அட்டைகளை எழுதும் பொறுப்பைக் காப்பாளர் என்னிடம் கொடுத்திருக்கிறார். எழுதியும் விட்டேன். தங்கம் துருப்பிடிக்காது, ஆகவே சாகக் கூடாதவர்களுக்கு, அதாவது கடவுளுக்கும் அரசருக்கும், தங்கம். ஈயம் கனமானது, மங்கலானது, மலிவானது; ஆகவே சவப்பெட்டிக்கும் சாபம் எழுதிப் புதைத்த தகட்டுக்கும் ஈயம். இதைப் படித்துக் காட்டியபோது ஒரு சின்னப் பெண், "அப்ப ஈயம் பாவம் சார், அதுக்கு ஒரு நல்ல வேலையும் தரல" என்றாள். வெள்ளிக்கு இப்படி எழுதினேன்: "வெள்ளி, நிலவின் உலோகம். தன் மேல் விழும் ஒளியைத் திருப்பித் தரும்." எப்படி இருக்கிறது?

இதற்கிடையே ஒரு சங்கடம். பொருள் அறையில் ஒரு வெள்ளிக் கைக்கண்ணாடி இருந்தது, உனக்குத் தெரிந்திருக்கும், கன்னங்கரேலென்று. திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தால் அது பளபளவென்று இருந்தது. யாரோ துலக்கியிருக்கிறார்கள். காப்பாளர் மிகவும் கலங்கிப்போனார். துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவின் அலமாரியில் கதவுக் கைப்பிடிகளுக்குப் போடும் பித்தளை பாலிஷ் டப்பா இருந்தது. விசாரித்தார்கள். அந்த அம்மா தான் தொடவில்லை என்கிறார். நேற்று முதல் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடியை உன் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்புகிறார்கள். உன் அறிக்கை வந்த பிறகுதான் மற்ற முடிவு. பெரிய சேதம் ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் எல்லோருக்கும் நிம்மதி. அப்படி எழுது என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரசாயனத்தோடு வேலை, கையுறை போட மறக்காதே.

உன் அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் கண்ணாடியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கண்ணாடியை மூன்று சுற்றுப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். உங்கள் கடிதம் அதைவிட ஒரு சுற்று அதிகம். விஷயத்துக்கு வருவதற்குள் அண்ணியின் முழங்காலே எனக்கும் வந்துவிடும் போலிருந்தது.

சிரிப்பு அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் சேதம்.

அது அழுக்கு இல்லை, அண்ணா. உங்கள் ஊர் அட்டையில் "வெள்ளிக் கண்ணாடி, கறுத்த நிலையில்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். நன்கொடை தந்த குடும்பத்தின் கடிதம் இங்கே தலைமைப் பதிவேட்டில் இருக்கிறது. இத்தனை நாளில் அதைப் படியெடுத்து உங்களுக்கு அனுப்பாதது எங்கள் தப்பு. இது பத்தொன்பது வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் கண்ணாடி. அவளைப் பெற்றவள் இதைக் கந்தகப் புகையில் காட்டிக் கறுக்கவைத்தாள். இனி இதில் எவர் முகமும் தெரியக் கூடாது என்று. வெள்ளி என்றால் நிலவு, ஒளி, கல்யாணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் வெள்ளியைப் பார்த்து "நீ பேசாதே" என்று சொல்லியிருக்கிறாள். முந்நூறு வருடமாக அதுவும் பேசாமல் இருந்தது.

இன்னொன்று. ஒவ்வோர் ஆண்டும் மகள் இறந்த நாளன்று அந்தக் கறுப்பின் மேல் ஊசியால் ஒரு சின்னக் கோடு போடுவாளாம். முப்பத்தொரு கோடு. அத்தனையும் கறுப்பில்தான் இருந்தன. வெள்ளியில் தடம் பதியாத அளவுக்கு மெல்லிய கை. கறுப்பு போனதும் அவையும் போய்விட்டன. ஆசிரியருக்கு நான் உதாரணம் சொல்ல வேண்டியதில்லை, கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் இடுக்கில் மூன்று கோடு மிஞ்சியிருக்கிறது. திரும்பக் கறுக்கவைக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அது என் கறுப்பு. அவளுடையது இல்லை.

எனக்கு ஓர் உறுத்தல். கண்ணாடி இங்கே வருவதற்கு முன்பே காப்பாளர் தொலைபேசியில் கேட்டார். நான் பார்க்காமலே, "பயிற்சி இல்லாத கை செஞ்ச வேலை" என்று சொல்லி வைத்தேன். அதை வைத்துத்தான் அந்த அம்மாவை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பயிற்சி இல்லாத கை உலகத்தில் அவருக்கு மட்டுமா இருக்கிறது?

நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். ஏதாவது தெரியுமா?

அன்புடன்,
வாண்டு (தலை நரைத்தது)


பிப்ரவரி 24

அன்புத் தங்கை வாண்டுவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முப்பத்தொன்று என்று நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். நான் சொல்வது மூக்குக் கண்ணாடியை.

நீ கேட்டதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். என் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் யார் உடைத்தது என்று நான் கேட்டதே இல்லை. "அஞ்சு நிமிஷம் வெளிய நிக்கறேன். உடைச்சவங்க என் மேசையில ஒரு காகிதம் வைங்க" என்பேன். முப்பத்தாறு ஆண்டில் ஒரு தடவைகூடக் காகிதம் இல்லாமல் இருந்ததில்லை. பிள்ளைகள் பயந்தவர்கள்தான், ஆனால் கோழைகள் இல்லை. பெரியவர்கள் வேறு மாதிரி. அவர்கள் இழப்பதற்கு நிறைய சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அண்ணி உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"என்னன்னு சொல்லட்டும்மா?"

"நான் தொடலைன்னு சொல்லுங்க. பதினேழு வருஷமா அந்த ரூம்ல தூசி தட்டறேன். தொடாதேன்னு சொன்னதைத் தொட்டதில்ல. பித்தளைக்குப் போடற பாலிஷை வெள்ளிக்குப் போடுவாங்களா? அதுகூட எனக்குத் தெரியாதா?"

நான், "உண்மை எப்படியும் வெளிய வரும்மா. தைரியமா இருங்க" என்றேன்.

அவர், "அது நடந்து வருதா, பஸ்ல வருதா சார்? இப்பவே பன்னெண்டு நாள் ஆச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணி போட்டு வைத்த டீ அப்படியே ஆறிப்போயிற்று. "ஏன், உங்களுக்கும் வேண்டாமா?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

அன்று அந்த அறைக்குள் யார் போனார்கள் என்பது பற்றி இங்கே யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இவ்வளவுதான் இப்போது எழுத முடிகிறது.

உன் அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். விளிம்பில் கொடியும் பூவுமாக ஒரு வேலைப்பாடு இருக்கிறதே, அதன் பள்ளங்களில் வெள்ளைத் தூள். பித்தளை பாலிஷ் துளிகூட இல்லை. பல்பொடியும் இல்லை. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ். அதோடு எலுமிச்சைச் சக்கையின் ஒரு நார், இமைமுடி அளவுக்கு.

ஏழாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அது கறுத்துப்போக, நான் அழுதேன். நீங்கள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து நசுக்கி, எலுமிச்சையைப் பிழிந்து, உங்கள் வேட்டி நுனியாலேயே தேய்த்துத் தந்தீர்கள். இந்த வேலையில் எனக்கு முப்பது வருடம் ஆகிறது. எத்தனையோ பேர் எதையெதையோ போட்டுத் தேய்த்துக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துத் தேய்க்கிற இன்னோர் ஆளை நான் பார்த்ததில்லை.

அறிக்கை பன்னிரண்டாம் தேதி போக வேண்டும். அதில் பெயர் எழுத மாட்டேன். ஆய்வுக்கூடம் பொருளைத்தான் கண்டுபிடிக்கும், ஆளை இல்லை.

நான் வெளியே நிற்கிறேன், அண்ணா.

வாண்டு


மார்ச் 4

வாண்டு,

மேசையில் காகிதம் வைக்கிறேன். நான்தான்.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை கண்காட்சிக் குழு வந்திருந்தது. ஏழெட்டுப் பேர். ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் என் அட்டையை நானே படித்துக் காட்டினேன். தங்கத்துக்குத் தலையாட்டினார்கள். ஈயத்துக்கு "அருமை" என்றார்கள். கண்ணாடியிடம் வந்து "நிலவின் உலோகம், ஒளியைத் திருப்பித் தரும்" என்று படித்தேன். குழுவில் ஒருவர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், உங்க நிலா அமாவாசையில மாட்டிக்கிச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் கூடச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தும் அது காதில் நிற்கவில்லை, நெஞ்சில் நின்றது. அட்டையை மாற்றி எழுதியிருக்கலாம். "ஏன் இது கறுப்பு?" என்று உனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. விடை தப்பு என்று தெரிந்ததும் விடையைத் திருத்தாமல், கேள்வித்தாளில் இருக்கும் எண்ணை மாற்றி எழுதுகிற பையன்களை எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு மதிப்பெண் குறைத்திருப்பேன்! அறுபத்தெட்டு வயதில் அதையே செய்தேன். என் வாக்கியத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்காக முந்நூறு வருடப் பொருளைத் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அறைச் சாவி அலுவலக ஆணியில் தொங்கியது. காவலாளி சாப்பிடப் போயிருந்தார். சாக்பீஸ் என் பையில் எப்போதும் இருப்பது. எலுமிச்சை, அந்த அம்மா எனக்கு டீ போட வைத்திருக்கும் தட்டிலிருந்து எடுத்தது. ஆமாம், அவருடைய தட்டிலிருந்துதான்.

கோடுகளைப் பார்த்தேன், வாண்டு. கீறல் என்று நினைத்தேன். கீறல் போகட்டும் என்று அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

எல்லாவற்றையும்விடச் சொல்லக் கூசுவது இதுதான்: அன்று மாலை நான் சந்தோஷமாக வீடு திரும்பினேன். திங்கட்கிழமை எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள் என்று உன் அண்ணியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்ததும் காப்பாளரின் முகம் செத்துப்போயிற்று. "யார் இதைப் பண்ணது?" என்று கேட்டார். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் எல்லோர் கண்ணும் மூலையில் வாளியோடு நின்ற அந்த அம்மாவிடம் போய்விட்டது. என் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை. இவர் செய்திருக்க மாட்டார் என்பது அவர்களுக்கு யோசிக்கவே தேவையில்லாத விஷயம். அந்த மரியாதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லியிருப்பேன்! அப்புறம் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டபோது, உண்மை வெளிய வரும் என்று அவருக்கே பாடம் நடத்தினேன். அது அவருக்கு இரண்டடி தூரத்தில், சட்டை போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தது.

காப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அறிக்கையோடு சேர்த்து அனுப்பிவிடு. உன் மூலம் போனால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் காப்பாளருக்கு எழுதியதைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள்தான் எனக்குக் கட்டுரை திருத்தச் சொல்லிக் கொடுத்தீர்கள்; அதனால் திருத்தியே அனுப்புகிறேன்.

"கவனக்குறைவால் நேர்ந்துவிட்ட பிழை" என்று எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவே இல்லை, அண்ணா. மிகக் கவனமாகத் தேய்த்திருக்கிறீர்கள். அந்த ஓர் இடுக்கைத் தவிர ஒரு திட்டுகூட மிச்சமில்லை. "சூழ்நிலை காரணமாக உடனே தெரிவிக்க இயலவில்லை" என்று இருக்கிறது. சூழ்நிலை யார் என்று எழுதவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த அம்மா ஓரிடத்தில்கூட வரவில்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிற மனிதர் இதில் இல்லை.

உங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். சாக்பீஸ் என்று தெரிந்த அன்று நான் அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? "தூளின் வகையை உறுதி செய்ய இயலவில்லை." ஒரு நாள் முழுக்க அந்த வரி என் மேசையில் இருந்தது. அண்ணன் பொய் சொல்ல மாட்டான் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் நான். அந்த அண்ணனுக்காக நான் பொய் எழுதிவிட்டு, சாயங்காலம் உங்கள் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து காய் நறுக்கினேன். மறுநாள் காலையில்தான் அந்த வரியை அடித்துவிட்டுச் சாக்பீஸ் என்று எழுதினேன். வேலை தெரிந்த கை என்று எல்லோரும் சொல்லும் கை என்னுடையது. ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்த அது ஒரு தொலைபேசி வாக்கியம் பேசியது. அண்ணனைக் காப்பாற்ற ஒரு வரி எழுதியது. காப்பாளருக்கு இன்று தனியாக எழுதிவிட்டேன், பார்க்காமல் பேசியது என் தவறு என்று.

என் அறிக்கையோடு உங்கள் கடிதம் வராது. நேரில் போங்கள். காப்பாளரிடம் போய்விட்டு, அந்த அம்மா வீட்டுக்கும் போங்கள். அண்ணியை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அண்ணி இருந்தால் அவர் பேச வேண்டியதைப் பேச மாட்டார்.

கண்ணாடியை நான் கறுக்கவைக்கப் போவதில்லை. மிஞ்சிய மூன்று கோட்டுக்கும் மேல் காற்று படாமல் பூச்சு கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான் என்னால் ஆகும்.

வாண்டு


மார்ச் 16

அன்புத் தங்கை வாண்டுவுக்கு,

உன் கடிதம் வந்த வியாழக்கிழமையே காப்பாளரைப் பார்த்தேன். அறைக் கதவைச் சாத்தப் போனார். திறந்தே இருக்கட்டும் என்றேன். சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. என் மகன் வயதுக்காரர், எழுந்து நின்று, "சார், நீங்க உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். அது போதாதென்று, "வெளிய தெரிய வேணாம் சார், நாமளே பாத்துக்கலாம்" என்றார். அந்த அம்மாவை நாலு பேர் முன்னால் நிறுத்தினீர்களே, எனக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கும் முகம் இறங்கிப்போயிற்று. மாலையில் எல்லோரையும் கூட்டினார். எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொன்னேன். காவலாளி என்னைப் பார்க்காமல் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு உன் அண்ணியிடம் சொன்னேன். அவள், "அன்னிக்கு டீ ஏன் ஆறிச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி தனியாகப் போனேன். குறுகிய தெரு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள், வாசலில் காயும் துணிகள். அந்த அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றார், நான் வெளியே. கேட்டைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். எலுமிச்சையைக்கூட விடவில்லை.

முழுக்கக் கேட்டார். பிறகு, "வேலை திரும்பக் குடுத்துட்டாங்க. காப்பாளரே வந்து கூப்பிட்டாரு. அது சரி" என்றார்.

"உங்ககிட்ட மன்னிப்பு..."

"இருங்க சார். தேய்ச்சீங்க, தெரியாம செஞ்சீங்க, அதை விடுங்க. நான் உங்க வாசல்ல வந்து நின்னேனே, அப்ப தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு எனக்குத் தைரியம் சொன்னீங்க."

"ஆமாம்மா."

தலையை ஆட்டினார். கோபம்கூட இல்லை, ஒரு விஷயம் உறுதியான மாதிரி. "ஆபீஸ்ல சொல்லிட்டீங்க, சரி. இந்தத் தெருவுல முப்பத்திமூணு நாளா நான் வெள்ளியைக் கெடுத்தவ. ரெண்டு வீட்டுல வாய்ல வந்து அது வெள்ளியைத் திருடினவன்னு ஆயிடுச்சு. இங்க யாரு வந்து சொல்றது?"

"நானே சொல்றேம்மா."

"எப்ப?"

நான் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். அவர், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வீட்லதான் இருப்பாங்க" என்றார்.

முதல் வீட்டில் ஒருவர் செய்தித்தாளை இறக்காமலே, "எந்தக் கட்சி?" என்று கேட்டார். இல்லை என்று விளக்கினேன். இரண்டாவது வீட்டில் ஒரு பெண், "நாங்க எதுவும் வாங்கறதில்லைங்க" என்று கதவைச் சாத்தினார், மறுபடி தட்டினேன். என்ன சொல்வது என்பது அதற்குள் பழகியிருந்தது: "பக்கத்து வீட்டம்மா ஒரு தப்பும் செய்யல. அந்தக் கண்ணாடியைத் துலக்கினது நான். சொல்லாம ஒளிச்சதும் நான்." ஒரு வீட்டில், "அதுக்கென்ன இப்ப?" என்றார்கள். ஒரு வீட்டில், "பெரிய மனுஷன் செய்யற வேலையா இது?" என்றார்கள். இரண்டும் நியாயம்தான்.

ஆறாவது வீட்டில் கதவைத் திறந்தவன், "சார்! நீங்களா! உள்ள வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். மனைவியைக் கூப்பிட்டு, "எங்க சார்டி" என்றான். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். பாதி இழுத்த நாற்காலியைப் பிடித்தபடி அவன் அப்படியே நின்றான். முன்னால் போடுவதா, பின்னால் தள்ளுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் அவனுக்கு உதவி செய்ய முடியாமல் படியிறங்கினேன்.

ஒன்பது வீடு. வரிசை முடிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

"சார்!"

திரும்பினேன். அந்த அம்மா இப்போது கேட்டுக்கு வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எதிர் வரிசை இருக்கு."

தெருவைக் கடந்து போனேன்.

உன் அண்ணன்